ஏரிக்கு இரண்டு காது

“தலைய நிமித்துங்க. தாடைய எறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும்.”

நெய்வேலி நகரியத்தின் மெயின் பஜாரில், சைக்கிள் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்ற லூர்து ஸ்டுடியோவில், இந்த மூன்று கட்டளைகளும் நாளொன்றுக்கு முப்பது முறையாவது முழங்கும். முழங்குகிறவள் லிடியா. வயது முப்பத்தைந்து, உருவம் குள்ளம், குரலோ கோட்டைவாசலில் நிற்க வேண்டிய குரல். அந்தக் குரலுக்குப் பணியாத தலை அவ்வட்டாரத்தில் இல்லை.

சுரங்கத்துக்குள் நுழையக் கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்குப் படம் வேண்டும். படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு இந்தத் தேவை வாழ்நாளில் இரண்டு மூன்று முறை வந்தால் அதிகம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கோ ஆண்டுதோறும் வரும். ஏனென்றால் அவன் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறவன். பதினைந்து ஆண்டுகள் அதே பள்ளத்தில் அதே மண்ணை அள்ளியிருந்தாலும், ஜனவரி பிறந்துவிட்டால் அவன் நேற்று வந்தவன். அந்தப் புதுப் பிறவிக்குச் சாட்சியாக ஒரு புதுப் படம். ஆகவே கம்மாபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் முகங்கள் எல்லாம் லிடியாவுக்கு மனப்பாடம். யாருக்கு இடது காது சற்றே மேலே, யாருக்கு மூக்கு வலப்பக்கம் சாய்வு, யார் விளக்கைக் கண்டதும் கண்ணை மூடுவார் என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பன்னிரண்டு ஆண்டுகள் முகங்களை நடுக்கோட்டில் நிறுத்திப் பழகிய அந்தக் கண், ஒரு நாள் நிலத்தைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும் வழியில், மழைத்தண்ணீர் தேங்கிய மைதானத்தில், நகரியத்தின் நீர்த்தொட்டி தலைகீழாக நின்றது. மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவே ஒரு கோடு. மற்றவர்களுக்கு அது தேங்கிய தண்ணீர். கொசு வளரும் இடம். அவளுக்கு அது முகம். மேலே இருப்பது பெரிது, கீழே இருப்பது சிறிது என்று இந்த உலகம் ஓயாமல் ஓதிக்கொண்டிருக்க, ஒரு சாண் தண்ணீர் மட்டும் இரண்டையும் சமமாக வைத்து மதிப்புக் கொடுப்பதை அவள் கண்டாள். கண்டவள் காலணியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

அன்றிலிருந்து, பிலிம் சுருளில் கேட் பாஸுக்குப் போக மிஞ்சும் நாலைந்து படங்கள் தண்ணீருக்கு என்று ஆயின.

நகரியத்தில் ஓர் ஒளிப்பட மன்றம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை சமுதாயக் கூடத்தில் கண்காட்சி வைக்கும். அதில் பன்னிரண்டு இயற்கைக் காட்சிகளைத் தேர்ந்தெடுத்துச் சிவகாசிக்கு அனுப்பிக் காலண்டர் அடித்துத் தரும். அந்தக் காலண்டர் தொங்காத குவார்ட்டர்ஸ் இல்லை. மன்றத்தின் செயலாளர் கருணாகரன், அனல்மின் நிலையத்தில் பொறியாளர். கெட்டவர் அல்லர், ஆனால் படித்தவர். படித்ததை விடாதவர். படத்தின் குறுக்கே கோடு போகுமானால் அது மூன்றில் ஒரு பங்கில் போக வேண்டும், நடுவில் போகக் கூடாது என்பது அவர் படித்த விதி. அந்த விதியைக் காக்கச் சட்டைப் பையில் இரண்டு கறுப்பு அட்டைகள் வைத்திருந்தார். ‘ட’ எழுத்தின் வடிவில் வெட்டிய அட்டைகள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவ்விரண்டையும் அதன்மேல் வைத்து நகர்த்தி, எங்கே வெட்டினால் படம் உருப்படும் என்று காட்டுவார்.

மூன்று ஆண்டுகள் லிடியா படம் கொடுத்தாள். மூன்று ஆண்டுகளும் கோடு நடுவில். மூன்று ஆண்டுகளும் படம் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, மன்றம் முழுதும் கூடியிருந்த அறையில் கருணாகரன் சொன்னார்: “லிடியாம்மா, நீங்க ஏரிக்குக் கேட் பாஸ் போட்டோ எடுத்திருக்கீங்க.”

அறை சிரித்தது. சிரிப்பு அறையோடு நின்றதா? பஜாருக்கு வந்தது, ரொட்டிக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தது. “கேட் பாஸ் அக்கா” என்று பெயரே விழுந்துவிட்டது. லிடியா அதற்குக் கோபப்படவில்லை. கேட் பாஸ் எடுத்துத்தான் அவள் வயிறு வளர்க்கிறாள். அதில் இழிவு என்ன இருக்கிறது? அவளைச் சுட்டது வேறு. நடுக்கோடு பிழை என்று ஊர் முடிவு கட்டிவிட்டதே, அதுதான் சுட்டது. ஒருமுறை, ஒரே முறை, நடுக்கோடு நடுவிலேயே இருக்க, ஒரு படம் அந்தச் சுவரில் ஏற வேண்டும். வெட்டாமல் ஏற வேண்டும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அக்டோபர் மாதம், அந்த ஆசை நெருப்பாயிற்று. வெள்ளிக்கிழமையோடு படம் கொடுக்கும் கெடு முடிகிறது. மழைக்காலம் வாசலில் நிற்கிறது. அவள் நினைத்த படமோ பம்ப் ஏரியில் இருந்தது.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டிக் கொட்டியே உண்டான ஏரி அது. ஒரு கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை ஒரே மட்டமாய், கயிறு பிடித்ததுபோல் இருக்கும்; அதற்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீர் அசையாமல் நின்றால் அப்படி ஓர் இரட்டைப் படம் தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காது. தண்ணீர் நின்றால் அல்லவா? இரவும் பகலும் பெருங்குழாய் ஒன்று மூலையில் கொட்டிக்கொண்டே இருக்க, ஏரி முகத்தில் எந்நேரமும் சுருக்கம்.

அந்தப் பம்ப் நிலையத்தில்தான் அவள் கணவன் ஆல்பின் உதவியாள். குள்ளஞ்சாவடிக்காரன், பதினோரு ஆண்டுகளாகக் கான்ட்ராக்ட். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில், திங்கட்கிழமை காலை இட்லித் தட்டின் முன்னே அவனை மடக்கினாள்.

“அந்த ஏரித் தண்ணி எப்பங்க அசையாம நிக்கும்?”

“பம்பு நின்னா நிக்கும்.”

“பம்பு எப்ப நிக்கும்?”

“பம்பு நின்னா மைன்ஸ் முங்கிடும். மைன்ஸ் முங்குனா கரண்ட்டு பூடும். உனுக்கு ஒரு போட்டோ வேணும்னு மெட்ராஸுக்கே லைட்ட அமிக்கச் சொல்றியா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. சட்னி வேணுமா, வேணாமா?”

ஆல்பின் சட்னியைப் பார்த்தான். “பொதங்கெழமை பம்பு மாத்துவோம். ஆறு இருவதுக்கு ஒண்ண நிறுத்தி, வால்வ மாத்தி, ஆறரைக்கு இன்னொண்ணப் போடுவாங்க. பத்து நிமிசம். அதுக்கு மேல அர நிமிசம் கேட்டாலும் ஏங் கேட் பாஸப் புடிங்கிகினு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“புடுங்கினா என்ன? புதுசுக்கு போட்டோ நான் எடுக்கறேன்.”

புதன்கிழமை பொழுது புலரும் வேளையில் லிடியா ஏரிக்கரையில் இருந்தாள். பழைய கேமரா, கால் ஆடும் ஸ்டாண்டு, சுருளில் மிச்சம் ஆறு படங்கள். எதிர்க்கரையும் அதன் நிழலும் ஒத்து விழ வேண்டுமானால் கேமரா தண்ணீரோடு தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே ஸ்டாண்டின் கால்களைச் சேற்றில் புதைத்துவிட்டு, புடவையை முழங்கால் வரை செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அவளுக்கு இரண்டு காலும் சேற்றில்.

தண்ணீரை எடுத்துப் பழகிய அனுபவம் அவளுக்கு ஒன்று சொல்லியிருந்தது. தண்ணீரில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு பிடி கறுப்பாகவே இருக்கும். மேலே பார்த்துக் கேமராவில் வெளிச்ச அளவு வைத்தால் கீழே இருண்டுபோகும். கீழே பார்த்து வைத்தால் மேலே வெளுத்துப்போகும். இரண்டுக்கும் பொதுவாக, நடுவே பார்த்து வைத்தாள். குவியத்தைத் தண்ணீரின்மேல் வைக்காமல் எதிர்க்கரையில் வைத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறு இருபதுக்குக் குழாயின் இரைச்சல் நின்றது.

அவ்வளவு காலமும் காதில் இருந்த ஓசை ஒன்று போன பிறகுதான் கொக்கு கத்துவது கேட்டது. ஏரியின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் கரையில் வந்து படுத்தன. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. புகைபோக்கிகள் முதலில் நெளிந்தன, பிறகு ஒட்டுப்போட்டதுபோல் துண்டு துண்டாகச் சேர்ந்தன, பிறகு நிமிர்ந்தன. நான்காம் நிமிடம் முடியும்போது ஏரி கண்ணாடியாகிவிட்டது. மேலே ஒரு நெய்வேலி, கீழே ஒரு நெய்வேலி.

லிடியா மூச்சைப் பிடித்துக் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணுக்குள், எதிர்க்கரையின் இடது ஓரத்தில், ஒரு சைக்கிள் ஏறியது.

பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு படையே வந்தது. இரவு ஷிப்டு முடிந்து, தலையில் ஹெல்மெட்டும் கைப்பிடியில் தூக்குவாளியுமாய், கம்மாபுரம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பும் கான்ட்ராக்ட் ஆட்கள். அந்தக் கரை அவர்கள் தினமும் போகும் பாதை என்பதை, பம்பின் கணக்கும் சூரியனின் கணக்கும் போட்ட லிடியா மறந்தே போனாள். போகட்டும், இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முன்னால் வந்தவர் சடையப்பன். பதினாறு ஆண்டுகளாகக் கான்ட்ராக்ட். பதினாறு படங்களும் லூர்து ஸ்டுடியோவில் எடுத்தவர். அவர் ஏரிக்கு இக்கரையில் பார்த்தார். சேற்றில் ஒரு கேமரா. கேமராவுக்குப் பின்னால் லிடியா. பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை விட்டு இறங்கினார். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். கேமராவை நேருக்கு நேர் பார்த்து நின்றார். பின்னால் வந்தவனும் இறங்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் இறங்கினான்.

“போங்க, போங்க” என்று லிடியா கத்தினாள். அகன்ற ஏரி அந்தக் கோட்டைவாசல் குரலையும் விழுங்கிவிட்டது. கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் வீசினாள்.

கேடு அங்கேதான் வந்தது. குழுப்படம் எடுக்கும்போது ஸ்டுடியோவில் அவள் அப்படித்தான் கையை வீசுவாள். அதன் பொருள், நெருங்கி நில்லுங்கள், நடுவுக்கு வாருங்கள் என்பது. வருடாவருடம் பழகியவர்கள் அல்லவா? கரையில் நின்ற அத்தனை பேரும் பக்கவாட்டில் நகர்ந்தார்கள், நடுவுக்கு நெருங்கினார்கள், உயரம் பார்த்து இடம் மாற்றிக்கொண்டார்கள். இன்னும் வேகமாக வீசினாள். இன்னும் ஒழுங்காக நின்றார்கள். சடையப்பன் நடுவே, இடப்பக்கம் பதின்மூன்று பேர், வலப்பக்கம் பதின்மூன்று பேர். தலை நிமிர்ந்தது. தாடை இறங்கியது. இருபத்தேழு பேருக்கும், இரண்டு இரண்டாக, ஐம்பத்து நான்கு காதும் தெரிந்தன.

லிடியாவுக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. கடிகாரம் ஆறு இருபத்தெட்டு என்றது. என்ன செய்வாள்? காலியான கரைக்காகக் காத்திருந்தால் தண்ணீர் காத்திருக்காது. இருப்பதை எடுப்போம் என்று மீண்டும் கண்ணை வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரை என்னும் கோட்டின்மேல் இருபத்தேழு பேர். கோட்டின்கீழ், பாதத்தோடு பாதம் ஒட்டி, இருபத்தேழு பேர். அவர்களுக்குப் பின்னால் மேலும் கீழும் புகைபோக்கிகள். அவர்கள் இல்லாதபோது கரை வெறும் கோடு. புகைபோக்கி வெறும் தூண். அவர்கள் வந்து நின்ற பிறகுதான் கோட்டுக்கு உயிரும், தூணுக்கு உயரமும் வந்தன. யார் எழுப்பிய தூண், யார் அள்ளிய மண் என்பதை அந்த ஏரி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எடுத்தாள். ஐந்தாவதை எடுக்கும்போது மூலையில் குழாய் உறுமியது. இடது ஓரத்து ஆட்கள் தண்ணீரில் நெளியத் தொடங்கினார்கள். ஆறாவதில் கீழே ஆளே இல்லை.

பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். எதிர்க்கரையில் இருபத்தேழு ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறின, சைக்கிள்கள் புறப்பட்டன.

அன்று மாலை சடையப்பன் ஸ்டுடியோ வாசலில் தலையை நீட்டினார். “இன்னாக்கா, இந்த வருசம் கேட் பாஸு போட்டோவ ஏரியிலயே எடுத்துக்கினு இருக்கீங்க? சூப்பர்வைசர் சொன்னாரா?”

“யாரும் சொல்லலண்ணே. நீங்களா நின்னீங்க.”

“கேமராவப் பாத்தா நிக்காம போறதா? மருவாத இல்ல?” என்றவர், தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். “கண்ண மூடிட்டனா?”

“இப்பத்தான் கழுவிப் பாத்தேன். நாலாவதுல தெறந்துதான் இருக்கு.”

நான்காவது படத்தை இருட்டறையில் தானே பெரிதாக அச்சிட்டு, வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். சனிக்கிழமை மாலை மன்றம் கூடியது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர். கருணாகரன் உறையைப் பிரித்தார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுவரைக்கும் கேட் பாஸ் ஒண்ணொண்ணா வந்துச்சு” என்றார். “இப்ப மொத்த கான்ட்ராக்டும் வந்திருக்கு.”

மேசை சிரித்தது. லிடியா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

“சார், எப்பவும் வெட்டிக் காட்டுவீங்களே, இதையும் வெட்டிக் காட்டுங்க. எங்க வெட்டினா நல்லா இருக்குமோ, அங்க நானே கத்தரி வெக்கறேன்.”

நியாயமான பேச்சு. கருணாகரன் இரண்டு கறுப்பு அட்டைகளையும் எடுத்தார். முதலில் தண்ணீரில் பாதியை மறைத்தார். கோடு விதிப்படி கீழ்ப்பங்குக்கு வந்தது. ஆனால் தண்ணீரில் இருந்த புகைபோக்கிகளின் தலை போயிற்று. மேலே முழு ஊர், கீழே அறுந்த ஊர்.

“ஒரு காது போச்சு சார்” என்றாள் லிடியா.

அட்டையை மேலே ஏற்றி வானத்தை மறைத்தார். இப்போது கீழே முழுசு, மேலே மொட்டை.

“இப்ப இன்னொரு காது.”

கருணாகரனின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது, அதுவும் நடுவில்தான். அட்டைகளைப் பக்கவாட்டில் நகர்த்தினார். நடுவில் நிற்கும் ஆளை ஓரப்பங்குக்குக் கொண்டுவந்தால் படத்துக்கு ஓட்டம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இடப்பக்கம் ஒன்பது பேர் அட்டைக்கு அடியில் போனார்கள்.

“அந்தக் கடைசி ஆள் சுதாகர் சார். பெரிய காது. காட்டணும்னே வந்து நின்னான்.”

வலப்பக்கம் மாற்றினார். அங்கே ஒன்பது பேர் போனார்கள். மேசையின் மறுமுனையில் இருந்த படவரைவாளர் மருதாசலம், ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்தவர், மெல்லச் செருமினார்.

“சார், எந்தப் பக்கம் வெட்டினாலும் யாருக்காவது வேலை போவுது.”

இம்முறை சிரிப்பு வேறு திசையில் போயிற்று. கருணாகரன் சிரிக்கவில்லை. கால்மணி நேரம் அட்டைகளை நகர்த்திக்கொண்டே இருந்தார். மேலேற்றினார், கீழிறக்கினார், சாய்த்துப் பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார். ஒட்டகத்தின் கோணலைக்கூட நிமிர்த்தலாம். கோணலே இல்லாததை எங்கே நிமிர்த்துவது? கடைசியில் அட்டைகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பைக்குள் போட்டார்.

லிடியாவின் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

“மூணுல ஒரு பங்குன்னு நான் சொல்றது எதுக்குன்னா, ஒரு பக்கம் கனம் கூடினாத்தான் கண்ணு நகரும்னுதான்” என்றார் கருணாகரன். அவர் அவளைப் பார்த்துச் சொன்னதுபோலவும் இருந்தது. தமக்கே சொல்லிக்கொண்டதுபோலவும் இருந்தது. “இதுல ரெண்டு தட்டும் சமமா நிக்குது. மேல ஒரு ஆளைப் பாத்தா, கண்ணு தானா கீழ அவனைத் தேடிப் போகுது. போயிட்டுத் திரும்பி வருது. சமமா நிக்கிற தராசுல நான் ஏன் கைய வெக்கணும்?”

“அப்ப வெட்ட வேணாமா சார்?”

“வெட்டுனா என் கைய வெட்டணும்.” படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “போன வருஷம் நான் சொன்னது தப்பு லிடியாம்மா. ஏரிக்குக் கேட் பாஸ் எடுத்தீங்கன்னு சொன்னேன். ஏரிக்கும் முகம் இருக்குன்னு எனக்குத் தெரியல.” பிறகு மேசையைப் பார்த்தார். “இது எந்த மாசம்?”

“ஜனவரி” என்றாள் லிடியா, மற்றவர்கள் வாய் திறக்குமுன். “அவங்களுக்குப் பாஸ் மாத்தற மாசம்.”

கண்காட்சி திறந்த ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்து வாசலில் அதுவரை காணாத அளவுக்குச் சைக்கிள்கள் நின்றன. இருபத்தேழு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்தக் கூடத்துக்கு நாற்காலி போடவும் பந்தல் கட்டவும் வந்தவர்கள் அவர்களில் பலர். பார்வையாளராய் வந்தது அன்றுதான். சுவரின் நடுவில், நடுக்கோடு நடுவிலேயே இருக்க, அவர்கள் மேலும் நின்றார்கள், கீழும் நின்றார்கள். சுதாகரின் மனைவி, கணவனின் காதைத் தண்ணீரிலும் அடையாளம் கண்டு சிரித்தாள். சடையப்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கீழ இருக்கற எனக்கும் சம்பளம் குடுத்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார். ஆல்பின் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், “தண்ணிய நிறுத்துனது யாரு தெரியுமில்ல?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தான்.

முடிவில் மன்றத்தாரும் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு குழுப்படம் எடுப்பது என்று ஆயிற்று. கேமராவுக்குப் பின்னால் லிடியா. கருணாகரன் பழக்க தோஷத்தால் வரிசையின் மூன்றில் ஒரு பங்கு பார்த்து, ஓரமாய்ச் சென்று, முகத்தை முக்கால் பங்கு திருப்பி நின்றார்.

லிடியா கையை இப்படியும் அப்படியும் வீசினாள். அவர் புரியாமல் விழித்தார். சடையப்பன் அவர் தோளைப் பிடித்து நடுவுக்கு நகர்த்தினார். பின்வரிசையிலிருந்து இருபத்தாறு குரல்கள், நிதானமாக, பயிற்சி பெற்ற பாடகர் குழுவைப்போல் ஒன்றாக எழுந்தன.

“ரெண்டு காதும் தெரியணும் சார்.”